150 கே.பி.க்குள் ஓர் ஆடித் தள்ளுபடி

என் அம்மாவிடம் யாராவது "பையன் என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்டால், "பேனர் அடிக்கிறான்" என்பார். பொய்யில்லை. மதுரையில் ஆறு வருஷம் ஃப்ளெக்ஸ் கடையில்தான் இருந்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்திருக்கிறேன். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸுக்கு ஃபைல் இருநூறு, முந்நூறு எம்.பி. போகும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது அடிப்பதும் பேனர்தான். அகலம் 300 பிக்சல், உயரம் 250 பிக்சல். எடை 150 கே.பி.யைத் தாண்டினால் கூகுள் விளம்பரக் கணக்கு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஃப்ளெக்ஸ் கடையில் கற்ற எல்லாப் பழக்கமும் இங்கே எதிரி. எழுத்துக்கு ஸ்ட்ரோக் (சுற்றுக்கோடு), அதற்கு மேல் இன்னொரு ஸ்ட்ரோக், ட்ராப் ஷேடோ, அவுட்டர் குளோ, பின்னால் சூரியக் கதிர்கள் என்று போட்டுப் பழகிய கை. அசையும் ஜிஃப் (GIF, சில படங்களை அடுத்தடுத்துக் காட்டி அசைவு தரும் ஃபைல்) பேனரில் அந்த ஒவ்வொன்றும் எடை. போன வருஷம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்த ஆடித் தள்ளுபடி பேனரை வைத்தே சொல்கிறேன். முதல் தடவை எக்ஸ்போர்ட் பண்ணியபோது அது 612 கே.பி.

முதலில் சட்டதிட்டம். கூகுளில் ஏற்றும் அசையும் ஜிஃப்புக்கு 150 கே.பி. வரம்பு. அசைவு 30 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். அதற்குள் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். விநாடிக்கு ஐந்து ஃப்ரேமுக்கும் (அசைவில் வரும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்) குறைவாக ஓட வேண்டும். நான் அசையும் ஃப்ரேமுக்கு 0.25 விநாடி வைத்துக்கொள்கிறேன். இதில் பலர் கவனிக்காத ஒன்று: 320×50 சிறு பட்டைக்கும் 300×600 நெடும்பலகைக்கும் அதே 150தான். பரப்பு கூடினால் வரம்பு கூடாது. இது பின்னால் என்னைக் கடிக்கப்போகிறது.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

ஜிஃப் 1987-ல் வந்த வடிவம். அசைவுக்கான தாமதக் கணக்கு, ஒளிபுகும் நிறம் எல்லாம் 1989-ல் சேர்ந்தன. ஒரு ஃப்ரேமில் 256 நிறத்துக்கு மேல் கிடையாது. 300×250 என்றால் 75,000 பிக்சல். 256 நிறத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். ஆக, சுருக்காமல் விட்டால் ஒரு ஃப்ரேமே கிட்டத்தட்ட 73 கே.பி.

சுருக்குவது எப்படி என்றால், ஜிஃப் படத்தை நாம் புத்தகம் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரிவரியாக வாசித்துப் போகும். ஒரே நிறம் தொடர்ந்து வந்தாலோ, முன்பு பார்த்த அதே வரிசை மறுபடி வந்தாலோ அதை ஒரே குறியாக எழுதிக்கொள்ளும். அதனால் தட்டையான நிறம் அதற்குச் சர்க்கரைப் பொங்கல். புள்ளிபுள்ளியாக மாறும் நிறம் பாகற்காய். கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது) போட்டே ஆகவேண்டும் என்றால் மேலிருந்து கீழாக மாறும்படி போடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரே நிறமாக நிற்கும். பக்கவாட்டில் மாறினால் வரிக்குள்ளேயே நிறம் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே எது மாறியதோ அதை மட்டும் எழுதினால் போதும். மாறாத பகுதி முந்தைய ஃப்ரேமிலேயே தங்கிவிடும். அசையும் பேனரின் எடை படத்தில் இருப்பதைவிட மாற்றத்தில்தான் அதிகம் இருக்கிறது. இது புரியாமல் முதல் ஒரு வருஷம் நிறங்களைக் குறைத்துக் குறைத்து, அம்மன் முகம் பச்சையாகும் வரை போயிருக்கிறேன்.

612-ஐ உடைத்துப் பார்த்தேன். சேலை கட்டிய மாடலின் படம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வரும். அதற்கு 12 ஃப்ரேம். பிறகு "ஆடித் தள்ளுபடி", "50% வரை", "காட்டன் முதல் பட்டு வரை", கடைப் பெயர் என்று நான்கு எழுத்து ஃப்ரேம். படம் பெரிதாகும்போது ஒரு பிக்சல்கூட அதே இடத்தில் இருக்காது. ஆகவே ஒவ்வொன்றும் முழு ஃப்ரேம், தலா 48 கே.பி., மொத்தம் 576. எழுத்து ஃப்ரேம்களில் எழுத்து இருக்கும் பெட்டி மட்டுமே மாறுகிறது, தலா 9, ஆக 36. மூன்று விநாடி ஜூமுக்காக 576 கே.பி.!

ஜூமை எடுத்துவிட்டு ஒரே நிலைப்படம் வைத்தேன். 48-ம் 36-ம் சேர்ந்து 84. நிறத்தைத் தொடவில்லை, தரத்தைத் தொடவில்லை. ஜூம், ஃபேடு (ஒரு காட்சி மங்கி இன்னொன்று தெரிவது), படம் முழுவதும் நகர்வது ஆகிய மூன்றும்தான் ஜிஃப்பின் மூன்று எமன்கள். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஐந்து ஃப்ரேம் ஃபேடு போடுவதைவிட, பட்டென்று வெட்டி மாற்றுங்கள். மொபைலில் செய்தி படித்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு வெட்டுதான் படும்.

கூடவே நேரக் கணக்கும் சரியாயிற்று. முதலில் ஜூம் 3 விநாடி, எழுத்து 8 விநாடி, மூன்று சுற்று என்றால் 33. அது 30-ஐத் தாண்டியிருந்ததையே நான் பார்க்கவில்லை. இப்போது நிலைப்படத்துக்கு 1.5 விநாடி, ஒரு சுற்று 9.5, மூன்று சுற்று 28.5.

ஒரு ஃப்ரேம் இரண்டு விநாடி நிற்க வேண்டுமென்றால் அதன் தாமதத்தை 2 என்று கொடுங்கள். அதே ஃப்ரேமை எட்டுத் தடவை நகலெடுத்து வரிசையாக வைத்திருந்த ஃபைலையும் பார்த்திருக்கிறேன். செய்தவர் வீடியோ எடிட்டிங்கிலிருந்து வந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

"ஆடி மாசத்துல ஆடாம நிக்குதே"

84 கே.பி. பேனரைக் கடை முதலாளி அண்ணாச்சிக்குக் காட்டினேன். போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, ஆடி மாசத்துல படம் ஆடாம நிக்குது?"

நியாயம்தான். அசைவு வேண்டும், ஆனால் சின்ன இடத்தில் வேண்டும். "50%" என்ற எண்ணை மட்டும் குதிக்கவிட்டேன். அதைச் சுற்றிய பெட்டி 110×60, அதாவது 6,600 பிக்சல். முழுப் படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு ஃப்ரேம் குதித்தும் 12 கே.பி.தான் ஏறியது. மொத்தம் 96. விநாடிக்கணக்கை "50% வரை" நிற்கும் நேரத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சியும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இந்தப் பெட்டிக் கணக்கு வேலை செய்ய ஃபோட்டோஷாப்பில் ஒரு இடத்தைப் பார்த்துவிட வேண்டும். டைம்லைன் பேனலின் மெனுவில் ஆப்டிமைஸ் அனிமேஷன் என்று இருக்கும். அதில் பவுண்டிங் பாக்ஸ், ரிடண்டன்ட் பிக்சல் ரிமூவல் இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். முதலாவது, மாறிய பகுதியைச் சுற்றிச் செவ்வகம் வெட்டும். இரண்டாவது, அந்தச் செவ்வகத்துக்குள்ளும் மாறாத பிக்சலை ஒளிபுகும் நிறமாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மாறிய இரண்டு இடங்கள் எதிரெதிர் மூலையில் இருந்தால் செவ்வகம் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் சுற்றிவிடும். மேல் இடது மூலையில் நட்சத்திரம் மின்ன, கீழ் வலது மூலையில் "உடனே வாங்க" பட்டனும் மின்ன, இரண்டும் ஒரே ஃப்ரேமில் மாறினால் நடுவே இருக்கும் பகுதியும் கணக்கில் வந்து நிற்கும். ஒளிபுகும் பிக்சல் நன்றாகச் சுருங்கும் என்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் நான் ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று வைக்கிறேன். கண்ணுக்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று, பேனரை முதலில் வீடியோவாக எக்ஸ்போர்ட் பண்ணி, பிறகு அதை ஜிஃப்பாக மாற்றாதீர்கள். வீடியோவாகச் சுருக்கும்போது அசையாத பகுதியிலும் நிறம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒரு இழை மாறும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஜிஃப்புக்கு அது "எல்லாமே மாறிவிட்டது" என்று அர்த்தம். பெட்டிக் கணக்கு மொத்தமும் அம்பேல்.

நெடும்பலகை

300×250 முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். அடுத்தது 300×600. பரப்பு 2.4 மடங்கு, வரம்பு அதே 150. படம் 115, எழுத்து நான்கும் சேர்ந்து 83, குதிக்கும் எண் 30. மொத்தம் 228 கே.பி.

படத்தைப் பாதியாக வெட்டிக் கீழே தட்டையாக அரக்கு நிறம் வைத்தால் முடிந்துவிடும் வேலை. அண்ணாச்சி விடவில்லை. "பார்டர் கால் வரைக்கும் தெரியணும் தம்பி. பொம்பளைங்க பார்டரைத்தான் பாப்பாங்க." ஜவுளியில் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. முழுப்படம் இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

படம் வாட்ஸாப்பில் வந்தது. மாடலுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், பார்ப்பதற்குச் சுத்தம். 800% பெரிதாக்கி, நிறத்தின் அளவைக் காட்டும் ஐடிராப்பரை வைத்தேன். ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலம் 247, 243, 238. பக்கத்துப் பிக்சல் 245, 244, 236. அதற்கடுத்தது 248, 242, 239. ஜேபெக் சுருக்கத்தில் சுவர் முழுக்க ரவை கொட்டியதுபோல ஆகியிருந்தது. நமக்கு அது வெள்ளை. வரிவரியாக வாசிக்கும் ஜிஃப்புக்கு இரண்டு பிக்சல்கூடச் சேர்ந்தாற்போல ஒரே நிறம் கிடைப்பதில்லை. மாடலைத் தனியாக வெட்டியெடுத்து, பின்னால் ஒரே சந்தன நிறத்தை ஊற்றினேன். 115 ஆக இருந்த படம் 88 ஆனது. மொத்தம் 201. கூந்தல் ஓரத்தை வெட்ட முக்கால் மணி நேரம் போயிற்று, அது வேறு கதை. வெட்ட நேரமில்லை என்றால் சுவரை மட்டும் செலக்ட் செய்து சர்ஃபேஸ் பிளர் போட்டாலும் பாதிப் பலன் உண்டு.

அடுத்து எழுத்து. எழுத்தைச் சேலைப் படத்தின் மேலேயே நேராக வைத்திருந்தேன், சுற்றி வெள்ளை ஸ்ட்ரோக், நிழல். பழைய புத்தி! தமிழ் எழுத்தில் நேர்கோட்டைவிட வளைவு அதிகம். ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும் எழுத்து நிறமும் பின்னணி நிறமும் கலந்த இடைநிறங்கள் நிற்கும். பின்னணி தட்டை என்றால் அந்த இடைநிறம் ஏழெட்டுடன் முடிந்துவிடும். பின்னணி ஜரிகைச் சேலை என்றால் ஓரப் பிக்சல் ஒவ்வொன்றும் தனி நிறம். அதில் நிழலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எழுத்துக்குக் கீழே அரக்கில் ஒரு தட்டைப் பட்டை வைத்தேன். ஸ்ட்ரோக், நிழல் இரண்டையும் தூக்கினேன். 83 என்பது 41 ஆனது. மொத்தம் 159. எழுத்தும் முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சொல்ல மறந்தேன், ஃபோட்டோஷாப்பில் தமிழ் யூனிகோடு எழுத்து "கொ" உடைந்து கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உடைந்த "கொ"வுடன் தள்ளுபடி விளம்பரம் வெளியே போனால் ஊரே சிரிக்கும்.

இப்போதுதான் நிறத்துக்கு வருகிறேன்

159-ல் நின்றபோதுதான் சேவ் ஃபார் வெப் திரையைத் திறந்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், எஸ் நான்கையும் ஒன்றாக அழுத்தினால் வரும். மேலே 4-அப் என்ற தாவலை அழுத்தினால் நான்கு விதமாக அமைத்து, எடையையும் தோற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நிறங்களின் எண்ணிக்கையை 256, 128, 64, 32 என்று பாதிபாதியாகக் குறையுங்கள். ஜிஃப்பின் நிற அட்டவணை இரண்டிரண்டு மடங்காகத்தான் (2, 4, 8, 16 என்று) நீளும். 65 நிறம் என்று வைத்தால் உள்ளே 128-க்கான அட்டவணைதான் போடும். ஒரே ஒரு நிறத்துக்காக அடுத்த படிக்கு ஏறிவிடும். பட்டுச் சேலைக்கு 64-ல் ஜரிகை செம்புக் கம்பியாகத் தெரிந்தது. 128-ல் தங்கம் தங்கமாக இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். நிறத் தேர்வு முறையில் செலக்டிவ், அடாப்டிவ் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். மனித முகம் பெரிதாக இருந்தால் எனக்கு அடாப்டிவ்தான் ஒத்துவருகிறது. வெறும் எழுத்தும் லோகோவுமாக இருக்கும் பேனருக்கு 16 நிறமே தாராளம்.

டித்தர் என்பது இல்லாத நிறத்தை, இருக்கும் இரண்டு நிறப் புள்ளிகளைக் கலந்து தூவி ஏமாற்றும் வித்தை. கன்னத்தில் பட்டை பட்டையாக நிறம் விழாமல் காப்பது அதுதான். ஆனால் தூவிய புள்ளி என்றால் சுவரில் பார்த்த அதே ரவைதான், ஜிஃப்புக்குக் கசக்கும். டிஃப்யூஷன் டித்தரை 90-லிருந்து 50-க்கு இறக்கினேன். கன்னம் தாங்கியது. 128 நிறமும் இதுவும் சேர்ந்து 159-ஐ 149 ஆக்கின.

149 போதுமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். கே.பி. என்றால் 1,024 பைட்டா, 1,000 பைட்டா என்பது ஆளுக்கு ஆள் மாறும். விண்டோஸ் 149 என்று காட்டும் ஃபைல் 1,52,576 பைட். ஆயிரம் கணக்கில் வரம்பு வைத்திருக்கும் இடத்தில் அது 150-ஐத் தாண்டிவிட்டது. ஒரு விளம்பர நெட்வொர்க்கில் இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மொத்த செட்டும் திரும்பி வந்தது. ஃபைலை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் சைஸ் என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் கணக்கைப் பாருங்கள். அதற்குக் கீழே சைஸ் ஆன் டிஸ்க் என்று இருப்பது ஹார்டு டிஸ்கில் பிடிக்கும் இடம். அதைப் பார்த்துப் பயப்படவோ சந்தோஷப்படவோ வேண்டாம். நான் 1,45,000 பைட்டைத் தாண்டவிடுவதில்லை.

கடைசி ஆயுதம் லாஸி. ஜிஃப் அடையாளம் கண்டு வைத்திருக்கும் நிற வரிசையோடு ஒத்துப்போகும்படி, அங்கங்கே பிக்சலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. 5 முதல் 10 வரை வைத்தால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. 20-ஐத் தாண்டினால் படத்தில் படுக்கைவாட்டில் கீறல் விழத் தொடங்கும். 8 வைத்தேன். 139. இன்டர்லேஸ் (படம் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளிவாவது) டிக் ஆகியிருந்தாலோ, டித்தர் பேட்டர்ன் அல்லது நாய்ஸ் என்று இருந்தாலோ லாஸி வேலை செய்யாது, "லாஸி ஏன் மங்கிக் கிடக்கிறது?" என்று தேடுபவர்கள் அங்கே பாருங்கள். இன்டர்லேஸ் எப்படியும் எடையைக் கூட்டும், எடுத்துவிடுங்கள். மெட்டாடேட்டா (ஃபைலோடு ஒட்டிவரும் கூடுதல் தகவல்) என்ற இடத்தில் நன் (None) என்று வையுங்கள்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள், ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்பவர்கள், கிஃப்சிக்கிள் என்ற இலவசக் கருவியை வைத்துக்கொள்ளலாம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுவது. பழகிவிட்டால் ஒரு ஃபோல்டரில் இருக்கும் எட்டு அளவையும் ஒரே மூச்சில் முடிக்கும். ஆப்டிமைஸ் மூன்றாம் நிலை, நிறம் 128, லாஸி 30 என்று கொடுத்து ஆரம்பியுங்கள். அதன் லாஸி அளவுகோல் வேறு. அங்கே 30 என்பது லேசானது, 200 வரை போகலாம். இரண்டு இடத்திலும் லாஸி போடாதீர்கள், கீறல் மேல் கீறல் விழும். நான் ஃபோட்டோஷாப்பில் லாஸி போட்டதால் கிஃப்சிக்கிளில் ஆப்டிமைஸ் மட்டும் ஓட்டினேன். 136. பைட்டில் பார்த்தால் 1,39,000 சொச்சம். நின்றேன்.

முடித்த ஜிஃப்பைத் திறந்து அதிலேயே திருத்தாதீர்கள். "50%-ஐ 60% ஆக்கு தம்பி" என்று போன் வரும், வராமல் இருக்காது. ஃபோட்டோஷாப்பின் மூல ஃபைலான பிஎஸ்டிக்குப் போய்த் திருத்தி, புதிதாக எக்ஸ்போர்ட் பண்ணுங்கள்.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்5-ல் பண்ணினால் இந்தத் தலைவலியே இல்லையே என்பார்கள். உண்மைதான், அதில் படம் ஒரு தடவை வந்தால் போதும், ஜூமும் ஃபேடும் வெறும் கட்டளை. ஆனால் நான் வேலை செய்யும் சின்னக் கடைகளின் விளம்பரக் கணக்குகளில் அதை ஏற்றும் வசதி திறந்திருப்பதில்லை. எனக்கு ஜிஃப்தான் சோறு போடுகிறது.

கடைசி ஃப்ரேமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று சுற்றும் முடிந்தபின் பேனர் அந்த ஃப்ரேமில்தான் உறைந்து நிற்கும். அதில் கடைப் பெயர், 50% வரை, பட்டன் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் லோகோவுடன் உறைந்துபோன பேனரைப் பிறகு வந்து பார்ப்பவருக்கு அது எதற்கான விளம்பரம் என்றே தெரியாது.

முடித்ததை அண்ணாச்சிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன். "தம்பி, பார்டர் எல்லாம் மங்கலா இருக்கே, எடையக் குறைக்கிறேன்னு சேலையச் சாயம் போக வச்சுட்டியே?" வாட்ஸாப் ஜிஃப்பை எம்பி4 வீடியோவாக மாற்றித்தான் அனுப்பும். அவர் பார்த்தது நான் செய்த ஃபைலே இல்லை. டாக்குமென்டாக இணைத்து மறுபடி அனுப்பி, "அண்ணாச்சி, இத டவுன்லோடு பண்ணி க்ரோம்ல திறந்து பாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ம்ம்… ஜரிகை தெரியுது" என்றார். "சரி, அந்த அம்பதைக் கொஞ்சம் பெருசாக் குதிக்க விடேன்."